இண்டக்ஷன் அடுப்பு ஆன் செய்ததும் அணைகிறது, போர்டா சென்சாரா?

கேள்வி:
நான்கு வருடம் ஆன அடுப்பு. ஒரு வாரமாக, பாத்திரத்தை வைத்து ஆன் செய்த இரண்டே நொடியில் பீப் அடித்து எரர் காட்டி நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு காலையில் பால் காய்ச்சப் போனாலும் அதே கதைதான், அதனால் சூடு ஏறி நிற்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. ஃபேன் சுற்றுகிறது. கடைக்காரர் போர்டு மாற்ற 1,800 ரூபாய் கேட்கிறார். கூடக் கொஞ்சம் போட்டால் புது அடுப்பே வந்துவிடுமே! வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்:
போர்டுக்கு அவசரப்படாதீர்கள் சார். ஆறின அடுப்பே எரர் காட்டினால் முதல் சந்தேகம் சூட்டை அளந்து போர்டுக்குச் சொல்லும் சென்சார்தான். கண்ணாடிக்கு அடியில், காயிலுக்கு நடுவில், மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி, அதிலிருந்து இரண்டு ஒயர். பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டரில் மிச்சம் இருப்பது தூக்கிப் போட்டுவிடும். சென்சார் கனெக்டரைக் கழற்றி மீட்டரை ரெசிஸ்டன்ஸ் பார்க்கும் 200கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான அடுப்புகளில் 25 டிகிரியில் 100கே இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு 70, 80 காட்டினாலும் நல்லதுதான். சூடு ஏற ஏற எண் குறையும், அதனால் மணியை விரலால் பிடித்தால் இறங்க வேண்டும்.

கேட்டவர்:
மீட்டரில் 1 மட்டும் நிற்கிறது. ஒயரை ஆட்டினால் ஒரு நொடி 74 வந்து போகிறது. தெரிந்த மெக்கானிக், சென்சாரே வேண்டாம், 100கே ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் ஓடும் என்கிறார். செய்யலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம். 1 மட்டும் நின்றால் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், புது சென்சாரே போடுங்கள். ரெசிஸ்டர் வைத்தால் ஓடும், வம்பே அதுதான். பாத்திரம் எவ்வளவு கொதித்தாலும் போர்டுக்கு 25 டிகிரி என்றே தெரியும், வாணலியில் எண்ணெய் வைத்துவிட்டு போன் பேசப் போனீர்கள் என்றால் நிறுத்த ஆளில்லை. தீப்பிடிக்கும், கண்ணாடியும் விரிசல் விடலாம்.

இன்னொருவர் பதில்:
புது சென்சார் வாங்கும்போது 100கே என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒருமுறை 10கே போட்டுவிட்டு, தண்ணீர் வெதுவெதுப்பு ஆவதற்குள் அணைகிறதே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீரையே அது கிட்டத்தட்ட 90 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருந்தது. மணிக்குச் சூட்டைக் கடத்தும் வெள்ளை பேஸ்ட் காய்ந்திருக்கும், அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள், மணி கண்ணாடியை ஒட்டி நிற்க வேண்டும்.

கேட்டவர்:
மாற்றியாகிவிட்டது. சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 40 ரூபாய். பழையதில் ஒயர் மணியின் கழுத்தில் அறுந்திருந்தது. முதல் தடவை பேஸ்ட் தடவ மறந்துபோய், மூடிய ஸ்குரூ எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். அப்புறம் ஃபேனுக்குப் பக்கத்தில் கரப்பான்பூச்சி மூன்று, அதை வீட்டில் சொல்லவில்லை.