கிணற்றுக் கணக்குக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?

தோட்டவெளி (உரும்பிராய்):
எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் மின்கடத்துதிறன் அளக்கும் சென்சர் ஒன்று இறக்கியிருக்கிறேன். உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். மோட்டர் ஓட ஓடச் சவர் (உப்புத்தன்மை) ஏறுகிற வேகத்தை நான் எழுதிய புரோகிராம் கணித்து, தண்ணீர் கெடமுன்னமே மோட்டரை நிறுத்திவிடும். சவர் வந்த பிறகு நிறுத்திப் பயனில்லை, அது திரும்ப இறங்கக் கனநேரம் எடுக்கும். முழு விஷயமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கணிதத்துக்குப் பேட்டன்ட் இல்லை என்கிறார்கள். உண்மையா?

நல்லூரான்:
உண்மைதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 62ஆம் பிரிவில் கணித முறைகளை விலக்கியிருக்கிறது. புரோகிராமுக்குப் பதிப்புரிமை உண்டு, அதோடு விடும்.

சட்டத்தரணி அக்கா:
தம்பி, அதோடு விடாதேங்கோ. விலக்கப்பட்டது கணித முறை. நீங்கள் செய்திருப்பது கிணற்றையும் மோட்டரையும் ஆளுகிற ஒரு முறை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கோ. 1978இல் ஃபுளூக் வழக்கு: இரசாயன ஆலையொன்றின் அபாய எச்சரிக்கை எல்லையைப் புதுப்பிக்கும் சூத்திரம். கடைசியில் கிடைப்பது ஒரு எண் மட்டும், மறுத்துவிட்டார்கள். 1981இல் டீர் (Diehr) வழக்கு: ரப்பர் அச்சின் வெப்பநிலையை இடைவிடாமல் அளந்து, வெப்பநிலைக்கேற்ப ரப்பர் பதமாக எவ்வளவு நேரமெடுக்கும் என்று சொல்லும் அரீனியஸ் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பக் கணித்து, நேரம் வந்ததும் அச்சைத் திறக்கும் முறை. சமன்பாடு பழையது, ஆனாலும் ஏற்றார்கள். அந்தத் தீர்ப்புகள் கொழும்பைக் கட்டுப்படுத்தா. ஆனால் கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியை, எப்படி எழுதுவது என்று சொல்லித்தரும்: சென்சரில் தொடங்கி மோட்டர் நிற்பதில் முடியவேண்டும்.

எனக்குப் பெரிய கவலை புதுமைதான். கரையோர நிலத்தடியில் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே உப்புநீர் வரை ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்ற கைபன்–ஹெர்ஸ்பர்க் உறவு நூறு வருடத்துக்கு மேல் பழையது. உங்கள் கணக்கு அதைத் தாண்டி என்ன செய்கிறது? அதை இங்கே எழுதவேண்டாம், விண்ணப்பத்தில் எழுதுங்கோ. ஐரோப்பாவுக்கும் போகிற எண்ணமிருந்தால், முன்கூட்டியே பொதுவில் சொன்னது புதுமையைக் கெடுத்துவிடும்.

தோட்டவெளி:
நன்றி அக்கா. மோட்டரைத் தொடாமல் போனுக்கு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பும் வடிவமும் இருக்கிறது. அப்பாவுக்கு அதுதான் விருப்பம்.

சட்டத்தரணி அக்கா:
அப்பாவுக்கு அதையே குடுங்கோ. விண்ணப்பத்தில் அதைத் தனிக் கோரிக்கையாக முன்னே வைக்காதேங்கோ, அது ஃபுளூக் பக்கம் சாய்ந்துவிடும்.