புதுப்பிப்பு: ரோடு பைக் (சாலை சைக்கிள்) வீல்செட் (சக்கர ஜோடி), கடைசியில் எதை வாங்கினேன்

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: பழைய ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) சைக்கிள், பின்சக்கரத்தில் மாதம் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுகிறது, பேசாமல் கார்பன் சக்கரத்துக்குத் தாவிவிடலாமா என்று. பாதிப் பேர் தாவச் சொன்னீர்கள். தாவவில்லை. வாங்கியது ஷிமானோ ஆர்எஸ்100. ஜோடி 1.9 கிலோ பக்கம் வரும், எடையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மாட்டிய அன்றே கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) லொடலொடவென்று ஆடியது. எவ்வளவு இறுக்கினாலும் அதே கதை. சக்கரத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது: ஹப் (கேசட் மாட்டும் நடுப்பகுதி) 11 ஸ்பீடுக்கு, அதாவது 11 பல்சக்கரங்களுக்கு ஏற்ற நீளம், என் கேசட்டில் இருப்பது 9. உள்ளே 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட்டதும் கப்சிப்.

சொகுசு கூடியது டயரால்தான். 28 மி.மீ. அகல டயர் போட்டால் பிரேக்கில் உரசுகிறது. சரி என்று 23-லிருந்து 25-க்கு மாறி, காற்றை 100 பிஎஸ்ஐயிலிருந்து 85-க்கு இறக்கினேன். சென்னை ஈசிஆரில் கோவளம் போய் வந்தால் இப்போது கை மரத்துப்போவதில்லை.

1,500 கி.மீ. ஆகிவிட்டது. நடுவில் ஒருமுறை கோட்டம் எடுத்ததோடு சரி, ஒரு கம்பியும் போகவில்லை. பழைய முன்சக்கரம் நன்றாகவே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.