டிக் வெல்டிங்: சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் எதற்கு?

கேள்வி: டிக் வெல்டிங்கில் ஆர்க் (மின்வில்) எழுப்பும் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடில் 2% தோரியம் ஆக்சைடு இருக்கிறதாம். கதிரியக்கம் என்கிறார்கள். கையில் தொடலாமா?

பதில் 1: தாராளமாகத் தொடலாம். தோரியம்-232இன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அது வெளிவிடும் ஆல்பா துகள் தோலைத் தாண்டாது. ஆபத்து முனை தீட்டும்போது பறக்கும் தூசிதான். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், ஆக்சைடு எளிதில் கரையாது. தீட்டும் கல்லுக்குப் பக்கத்திலேயே தூசி உறிஞ்சும் கருவி வையுங்கள், மாஸ்க் போடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பதில் 2: தோரியம் எதற்கு என்றால், சூட்டில் ஆக்சைடின் ஒரு பகுதி தோரியமாக மாறி மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படியும். வெறும் டங்ஸ்டனில் எலக்ட்ரான் வெளியேற 4.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். படலம் இருந்தால் சுமார் 2.6 போதும். ஆர்க் சட்டென்று பிடிக்கும். தீட்டும் கோடுகள் ராடின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே இருந்தால் ஆர்க் அலையும்.

பதில் 3: புதிதாக வாங்குவதானால் தோரியத்துக்குப் பதில் 2% லாந்தனம் ஆக்சைடு கலந்த ராடு, நீல முனை. கதிரியக்கத் தொல்லை இல்லை, ஏசி, டிசி இரண்டுக்கும் ஆகும்.