புதுப்பிப்பு: 23 நாள் கூடுதலாகத் தங்கியவனுக்கு மறுபடியும் பிரிட்டன் விசா கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விசா வந்துவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பிரிட்டனில் மாணவர் விசா முடிந்த பிறகும் 23 நாள் தங்கிவிட்டு, சொந்தச் செலவில் நானாகவே திரும்பியிருந்தேன். விசிட்டர் விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்வதா, விடுவதா என்று கேட்டிருந்தேன். ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்றார்கள் இருவர். ‘எதையும் மறைக்காதீர்கள்’ என்றார் ஒருவர். அவர் பேச்சைத்தான் கேட்டேன். 30 நாளுக்குள், அரசு செலவில்லாமல், தானாகக் கிளம்பியவருக்கு மறுநுழைவுத் தடை கிடையாது. ஆனால் பொய் சொன்னதாக முடிவு செய்தால் 10 ஆண்டுத் தடை வரலாம். கூடுதலாகத் தங்கியதைவிட மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

‘அனுமதிக் காலம் தாண்டித் தங்கியதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ போட்டு, விசா முடிந்த தேதி, விமானம் ஏறிய தேதி, காரணம் மூன்றையும் நாலு வரியில் எழுதினேன்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எந்த நாளில் கிளம்பினேன் என்று எப்படிக் காட்டுவது? பழைய மின்னஞ்சலில் கிடைத்த இ-டிக்கெட்டும், நாடு திரும்பியபோது குத்தி, பழைய பாஸ்போர்ட்டில் மங்கிக் கிடந்த வருகை முத்திரையும்தான் கைகொடுத்தன.

அப்புறம், இந்த 30 நாள் சலுகை கூடுதலாகத் தங்கியதற்கு மட்டும்தான். அனுமதியில்லாமல் வேலை பார்த்திருந்தால் பொருந்தாது. அடுத்த விண்ணப்பத்திலும் இதே கேள்விக்கு ‘ஆம்’ என்றே போட வேண்டும்.