சாசரை மூலத்திலேயே படிக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஜெஃப்ரி சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலை இதுவரை இன்றைய ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். அதில் பாத் ஊர்ப் பெண்மணி வருகிறாளே, ஐந்து கல்யாணம் முடித்தவள், ஒரு காது மந்தம், பல்லில் இடைவெளி, காலில் செக்கச்செவேலென்று காலுறை! எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது.

இப்போது 14ஆம் நூற்றாண்டு மூலத்தையே வாய்விட்டுப் படிக்க ஆசை. 'நைட்' (knight, வீரன்) என்ற சொல்லில் இன்று ஊமையாகிவிட்ட 'க்' அன்று ஒலித்தது, அது சரி. ஆனால் சொல்லின் கடைசியில் வரும் 'ஈ' (e) எழுத்தை எங்கே உச்சரிப்பது, எங்கே விழுங்குவது? அது பிசகினால் சந்தமே தட்டுகிறது.

பக்கத்திலேயே அருஞ்சொற்பொருள் தரும் பதிப்பும் நல்ல ஒலிப்பதிவும் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், முன்னுரையில் தொடங்கவா, சேவல் நரியிடமிருந்து தப்பும் கதையில் தொடங்கவா?