குப்பர்டினோ விளைவு, ஸ்கன்தார்ப் சிக்கல்: ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் இந்த இரண்டையும் 'தானியங்கிப் பிழை' என்று ஒரே பதிவில் போட்டிருக்கிறோம். பிரிக்கவேண்டும், பிழை வரும் வழியே வேறு.

பழைய எழுத்துப்பிழை திருத்திகள் சிலவற்றின் அகராதியில் 'கோ-ஆபரேஷன்' இடைக்கோட்டோடு மட்டுமே இருந்தது. கோடில்லாமல் எழுதினால் கலிஃபோர்னிய ஊரான குப்பர்டினோவைப் பரிந்துரைத்தன. ஐரோப்பிய ஒன்றிய, நேட்டோ ஆவணங்களில் ஒத்துழைப்பு இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஊர் குடியேறியது இப்படித்தான். ஸ்கன்தார்ப் கதையில் அகராதிக்கு வேலையில்லை. 1996இல் ஏஓஎல் இணையச் சேவையின் வடிகட்டி அந்த இங்கிலாந்து ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையைக் கண்டு, ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை.

முன்னதற்குத் 'திருத்தப்பிழை' ('பிழைதிருத்தம்' தலைகீழாக நிற்கிறது), பின்னதற்கு 'உட்சொற்பிழை'. சரிதானா?

——

'திருத்துபிழை' என்று வினைத்தொகை ஆக்கலாமே? சுருக்கமாக இருக்கும்.

——

வேண்டாம் ஐயா. திருத்தவேண்டிய பிழை என்றும் பொருள்படும். போதாக்குறைக்கு, சந்தி திருத்தி ஏதாவது நடுவில் ஒரு 'ப்' செருகினால் கலைச்சொல்லே முதல் எடுத்துக்காட்டாகிவிடும்.

——

'உட்சொற்பிழை'க்கு என் ஒப்புதல். விளக்கத்தில் தமிழ் எடுத்துக்காட்டு வையுங்கள். 'கல்' என்பதைப் 'பாறை' என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் கல்வி 'பாறைவி', கல்யாணம் 'பாறையாணம்', சிக்கல் 'சிக்பாறை'. 'படம்' என்பதைத் 'திரைப்படம்' ஆக்கினால், முன்பே சரியாக இருந்தவை 'திரைப்திரைப்படம்' ஆகும்.

முழுச்சொல்லாகத் தேடினால் போதும் என்பார்கள். பைத்தான் நிரல்மொழியில் உள்ளமைந்த, உரையில் தேடும் 'ரீ' நிரலகத்தில் அது இன்னும் வேடிக்கை. அதற்குப் புள்ளியும் துணைக்குறிகளும் சொல்லெழுத்துகள் அல்ல. 'கல்' புள்ளியில் முடிகிறது, அடுத்து இடைவெளி; இரண்டுமே சொல்லெழுத்து இல்லாததால் அங்கே சொல்லெல்லை கிடையாது. 'கல்வி'யிலோ புள்ளிக்கும் வகரத்துக்கும் நடுவே எல்லை விழுகிறது. ஆக, தனித்து நிற்கும் கல் தப்பிவிடும், கல்வி அகப்படும்! தேடலில் சொல்லெல்லையைக் காட்டும் குறியை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் யூனிகோடு எழுத்துக்குறியீட்டின் தமிழ்த் தொகுதியிலுள்ள 128 இடங்களில் எதுவும் வரக்கூடாது என்று நிபந்தனை எழுதவேண்டும். அப்போதும் 'கல்லை', 'கல்லில்' போன்ற வேற்றுமை வடிவங்களைத் தனியாகத்தான் தேடவேண்டும்.

——

எக்செல் 'செப்ட்2' மரபணுவைச் செப்டம்பர் 2 ஆக்குவது எதில் சேரும்?

——

திருத்தப்பிழைதான், சரியாக இருந்ததைக் கேட்காமல் மாற்றுகிறதே. மரபணுப் பெயரிடல் குழுவின் 2020ஆம் ஆண்டு நெறிமுறையில் அந்தப் பெயரே 'செப்டின்2' ஆகிவிட்டது. இதையும் பதிவில் சேர்க்கிறேன். பழைய 'தானியங்கிப் பிழை'யைக் கையாலேயே நீக்குகிறேன், தேடி மாற்றப்போவதில்லை.