பெரியப்பாவும் பிரிக்காத பெட்டியும்

செந்தில்: எல்லோரும் படத்தைப் பாருங்கள். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர், மாடல் பி, எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்த பழைய மெஷின். ஏதோ பள்ளிக்கூடத்துச் சாமான்களை ஏலத்தில் எடுத்த காயலான் கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். பயன்படுத்தவே இல்லை, கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் உறை கூட அப்படியே இருக்கிறது

பெரியப்பா: டேய் செந்தில்!! 1984இல் கிளாஸ் திட்டம் என்று மத்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்ததே, அப்போது வந்தது இந்த பிபிசிதான். எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது, எனக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள், ஆனால் தலைமையாசிரியர் கெட்டுப்போய்விடும் கெட்டுப்போய்விடும் என்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். மொத்தம் பத்துத் தடவை தொட்டிருந்தால் அதிகம்

பெரியம்மா: அந்தச் சாவிக் கதையை நாற்பது வருடமாகக் கேட்கிறேன்

செந்தில்: இன்று இரவே ஆன் செய்து வீடியோ போடுகிறேன் பெரியப்பா. இங்கிலாந்து பிளக் இருக்கிறது, வெட்டிவிட்டு நம் ஊர் த்ரீ பின் மாட்டினால் சரி

முத்து மாமா: ஆன் செய்யாதே. போனை எடு

முத்து மாமா: எடுக்க மாட்டாயா, சரி இங்கேயே சொல்கிறேன். அந்த பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கும், வெட்டினால் அதுவும் போச்சு. அது கூடப் பரவாயில்லை, பவர் சப்ளையைப் பார்க்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது

செந்தில்: புதுசுதானே மாமா?

முத்து மாமா: எங்கே புதுசு? கரண்ட் உள்ளே நுழைகிற இடத்திலேயே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், ரிஃபா என்று கம்பெனி பெயர் போட்டிருக்கும். உள்ளே காகிதம்தான். மேல் பூச்சில் முடி மாதிரி விரிசல் விழுந்து, இத்தனை வருடக் காற்று ஈரத்தையும் குடித்திருக்கும், பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் அதற்கு வயது ஏறும். 230 வோல்ட் கொடுத்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், நீ சந்தோஷப்படுவாய், அப்புறம் டப் என்று வெடித்து வீடெல்லாம் புகை

கவிதா அக்கா: தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது தம்பி

செந்தில்: சரி மாமா, மேல் மூடியை மட்டும் திறந்தேன். பின்னால் இரண்டு, அடியில் இரண்டு ஸ்க்ரூ. இடது பக்கம் பவர் சப்ளை, அதிலிருந்து போர்டுக்குச் சிவப்பு, கருப்பு, ஊதா ஒயர் போகிறது

முத்து மாமா: எந்த ஒயர் எங்கே என்று படம் எடுத்துக்கொண்டு கழற்று. சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், ஊதா மைனஸ் 5. மாற்றிச் சொருகினால் சிப் எல்லாம் காலி. பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீ திறக்காதே, அப்படியே என் கடைக்குக் கொண்டு வா. வரும் வழியில் ரிச்சி தெருவில் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் (மெயின் லைனுக்கென்றே செய்த பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஏசி என்று கேட்டு வாங்கு, மதிப்பு பழையதில் என்ன இருக்கிறதோ அதே. சாதாரணக் கெப்பாசிட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே

(ஞாயிறு)

முத்து மாமா: படத்தைப் பார் செந்தில், பழைய கெப்பாசிட்டர். காய்ந்த குளம் மாதிரி வெடித்திருக்கிறது. இதைத்தான் நேராக சொருகப் பார்த்தாய்

முத்து மாமா: புதுசு போட்டு, போர்டுக்குப் பதிலாக 5 வோல்ட் ஒயரில் 5 ஓம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டி, சீரிஸ் போர்டில், அதாவது கரண்ட் முதலில் ஒரு பல்பைத் தாண்டி வரும் சோதனைப் பலகையில், 100 வாட் பல்பு வழியாகக் கொடுத்தேன். பல்பு ஒரு தடவை மின்னி மங்கிவிட்டது, அப்படித்தான் இருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அப்புறம் நேர் லைனில் பார்த்தேன், மீட்டரில் 5.06. வந்து எடுத்துக்கொள்

செந்தில்: மாட்டிவிட்டேன், ஆனால் பீஈஈஈப் என்று நிற்காமல் கத்துகிறது. டிவியில் ஒன்றும் இல்லை

பெரியப்பா: ஆஃப் செய். பவர் வந்ததும் சவுண்ட் சிப் தானாகக் கத்தும், பிராசஸர் ஓட ஆரம்பித்தால்தான் அதை நிறுத்தும். பயிற்சியில் சொன்னது. சாக்கெட்டில் இருக்கும் சிப் எதுவோ மேலே எழும்பியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்து

முத்து மாமா: அத்தான் சொல்வது சரிதான்

செந்தில்: பூ பீப்!! இரண்டு சத்தம்! பிபிசி கம்ப்யூட்டர் 32கே, கீழே பேசிக் என்று வருகிறது! கருப்பு வெள்ளையாகத்தான் வருகிறது

பெரியப்பா: அந்த வீடியோ சாக்கெட்டில் அப்படித்தான் வரும், மெஷினில் குறை இல்லை

கவிதா அக்கா: மெமரி மொத்தமே 32 கேபியா? செந்தில் அனுப்புகிற குட் மார்னிங் படம் ஒன்று கூட அதில் அடங்காதே

பெரியப்பா: வெள்ளிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் வருகிறேன். அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம், உறையைப் போட்டு மூடி வை

பெரியம்மா: அந்தத் தலைமையாசிரியர் மாதிரியே பேசுகிறார் பாருங்கள்